நான்காய் மடித்த கார்பன்

என் பீரோவில், பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கு அடியில், நான்காய் மடித்த கார்பன் தாள் ஒன்று இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துகள் இன்றைக்கும் தெரியும். பன்னிரண்டு வரி. பதின்மூன்று இருந்திருக்க வேண்டும்.

அப்போது திண்டிவனத்தில் கோர்ட்டுப் பக்கம் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தேன். நாளெல்லாம் மனுக்கள், பத்திர நகல்கள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஏட்டையா வருவார். மஃப்டியில், கையில் ரெக்சின் பையோடு, எல்.ஐ.சி. ஏஜெண்டு மாதிரி இருப்பார். உளவுப் பிரிவுக்காரர். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை ஓயாமல் நடந்த காலம்; ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாமில் யார் வருகிறார், யார் போகிறார் என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. அவருக்குத் தட்டச்சு வராது. ஊர் ரகசியத்தையெல்லாம் இருபது வயதுப் பெண்ணிடம் கொடுத்து அடித்து வாங்கிப் போவதில் உள்ள வேடிக்கை அவருக்கு உறைக்கவே இல்லை. புதுக் கார்பனை அவரே கொண்டுவருவார். அடித்து முடித்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான்காய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். குப்பையில் போட்டால் எவனாவது எடுத்துப் படித்துவிடுவானாம்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "நீ அடிக்கிறவம்மா. படிக்கிறவ இல்ல. புரிஞ்சிதா?"

முகாமில் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த அக்கா ஒருத்தி இருந்தாள். கைம்பெண். பெயின்ட் வேலைக்குப் போகும் தம்பியைத் தவிர அவளுக்கு யாருமில்லை. அளவெடுக்கும்போது சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்திருக்கிறேன். காக்கிச் சட்டையில் ஓர் இளைஞர். அவள் கணவர், இலங்கையில் அரசாங்க பஸ் ஓட்டினவர் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை, ஏட்டையாவின் தாளில் பத்தாவது வரி இப்படி இருந்தது: தையல் வேலை செய்யும் மேற்படி பெண், சீருடை அணிந்த நபரின் படத்துக்கு விளக்கேற்றி வணங்கியதாகத் தகவல், தம்பியை விசாரிக்கலாம். முகாமுக்குள்ளேயே எவனோ பார்த்துச் சொல்லியிருக்கிறான். சண்டையில் செத்த போராளிகளுக்கு அவர்கள் விளக்கேற்றுவதும் அந்த மாதத்தில்தான். பஸ் டிரைவரின் திதியும் அதிலேயே வந்து தொலைத்திருக்கிறது. விசாரணை என்று கூட்டிப்போனால் பூட்டிவைக்கிற முகாமில் வருஷக்கணக்கில் போட்டுவிடுவார்கள். சொல்லலாமென்றால் நான் படிக்கிறவள் இல்லையே. விரல் அந்த வரியைத் தாண்டிப் பதினொன்றாவதுக்குப் போய்விட்டது.

ஏட்டையா தாளைப் படிக்கவில்லை. வழக்கம்போலக் கார்பனைத்தான் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரு வரி வுட்டுட்டியேம்மா."

"அது பஸ் டிரைவர் படம் ஏட்டையா. அவங்க வூட்டுக்காரரு."

"அங்கெல்லாம் போய்க்கினு வந்துக்கினு இருக்கிறியா நீ?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. கார்பனை நிதானமாக மடித்தார். "சரி, அந்த வரி இல்லாமலே போவட்டும். இனிமே எங்காளு அந்தப் பக்கம் போவமாட்டான். மாசத்துக்கு ஒருவாட்டி நீயே வந்து சொல்லிடு."

அக்காவைக் காப்பாற்றப் போய் நான் உளவாளி ஆனேன். மாதம் ஒரு சாக்கு. ஹூக் வைக்க, ஓரம் அடிக்க. தம்பிக்கு எங்கே வேலை, யார் வந்தார்கள், வெளிநாட்டுக் கடிதம் வந்ததா. ஆபத்தாகத் தோன்றியதை முழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அவள் கொடுத்த தேநீர் ஒருநாளும் நிம்மதியாக உள்ளே இறங்கியதில்லை.

ஓய்வு பெற்ற அன்று ஏட்டையா கடைக்கு வந்து அந்தக் கார்பனை மேசையில் வைத்தார். "உன்னுது, வச்சிக்கோ" என்றார். அவ்வளவுதான்.

சண்டை முடிந்து பல வருடம் கழித்து, அக்காவும் தம்பியும் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்துவிட்ட நான் செய்தி கேட்டு ஓடினேன். மூட்டை கட்டிய அறையில் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"தெரியும் தங்கச்சி. அளவு குடுக்க வாற பிள்ளை, திடீரெண்டு தம்பி எங்க, தம்பி எங்க எண்டு கேக்கத் தொடங்கினீர். பொலிசுக்குப் போகவேண்டியதை மட்டுந்தான் உம்மட்டச் சொன்னனான்."

பாரம் இறங்கியது. அடுத்த நிமிஷமே வலித்தது. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசிய பேச்சு எது? சுவரிலிருந்து இறக்கிய படம் மூட்டையின் மேல் கிடந்தது. அதே காக்கிச் சட்டை. பஸ் ஓட்டினார் என்றது மட்டும் நிஜமா?

கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏட்டையாவுக்குப் பார்த்த வேலையைத்தான் கடைசியாக ஒருமுறை செய்திருப்பேன்.

எப்போதாவது அந்தக் கார்பனை எடுத்து ஜன்னலில் பிடிக்கிறேன். ஒன்பதாவது வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு இடைவெளியும் தெரியாது. அவர் பஸ் ஓட்டினவர்தான் என்று சொல்லிக்கொண்டு, மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.