ரீல் வாங்காமல் கடலுக்குப் போனோம்

“...தூண்டிலுக்கு ரீல் எதுக்கு மச்சான்? அந்தக் காசையும் போட்டு நல்ல தடிச்ச நூலா வாங்கிருவோம். மாட்டுக் கயித்தப் புடிச்ச கைதானே இது!” என்றார் என் மைத்துனர். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பதுளைக்கு மாட்டுவண்டியில் கொண்டுவருபவர். கையில் பணம் குறைவு, நானும் தலையாட்டிவிட்டேன்.

மட்டக்களப்புக் கடலில், ஓடுகிற பாய்த்தோணியின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போனோம். மாட்டுக் கயிற்றைப் போலவே நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். பெரிய மீனொன்று கவ்வி ஓடியது. மீன் இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொடுக்க ரீல் இல்லை. தடித்த நூல் அறவுமில்லை. மனிதர் பாதி உடம்பு தோணிக்கு வெளியே போய்விட்டார். தோணிக்காரர் பாய்ந்து நூலை வெட்டினார்.

“கையில கட்டிக்கொண்டா மீன் பிடிக்கிற?” என்று அதட்டினார்.

இப்போது பணம் போதாவிட்டால் மெல்லிய நூல் வாங்குகிறேன். ரீலை மட்டும் விடுவதில்லை.

அன்று மைத்துனர் தோணிக்காரரின் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.