நம்ம ரெண்டு வீட்டு வைஃபை

இன்று மாலை எங்கள் ஸ்ரீரங்கம் அப்பார்ட்மெண்டில் மீட்டிங். வீட்டுக்கு வீடு தனி இன்டர்நெட் வேண்டாம், கட்டடம் மொத்தத்துக்கும் ஒரே கம்பெனியிடம் வாங்கலாமா என்று பேச்சு.

முதலில் எழுந்து மறுத்தது நான்தான்.

"எங்க வீட்டுக்கு நெட்டே தேவையில்லைங்க. வேணும்ங்கிறவங்க மட்டும் போட்டுக்கட்டும்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.



மீட்டிங் முடிந்து மாடிப்படி ஏறும்போது எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வேணாங்கிறீங்க, அப்ப நாங்களும் சேரலை. எங்க பழைய கனெக்‌ஷனே இருக்கட்டும். நம்ம ரெண்டு வீட்டுக்கும் அது போதும்ல?"



போன வருஷம் மகளின் ஆன்லைன் பரீட்சைக்கு, ஒரே ஒரு நாளைக்கு என்று சொல்லி அவரிடம் வைஃபை பாஸ்வேர்ட் வாங்கினேன். இன்றுவரை எங்கள் டிவி, போன் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே எங்களுக்காகத்தான் கேட்டார்.

"இல்லக்கா, நீங்க சேந்துக்குங்க. நாங்களும் சேர்றோம்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

இனி செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது, சொல்லுங்களேன்?