இறக்கைமேல் கறுப்புப் பட்டை

பெங்களூரின் வடக்கு ஓரத்தில், சின்ன விமானங்கள் மட்டும் ஏறி இறங்கும் ஒரு தளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே விமானங்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் நான். என் அண்ணன் அதே பள்ளியில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவன். மர்பி டவுனில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். “அவன் ஓட்டுறான், இவ முடுக்குறா” என்று அம்மா எங்களைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பள்ளியில் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது நான்கு பேர் உட்காரும் ஒரு பழைய விமானம். அதற்கு ஒரே ஒரு கதவு, வலது பக்கம். உள்ளே போக வேண்டுமானால் வலது இறக்கையின் மேல் ஏறி நடந்துதான் போக வேண்டும். கால் வழுக்காமல் இருக்க, நடக்கிற இடத்தில் பொடிமணல் கலந்த கறுப்புப் பெயிண்டைப் பட்டையாக அடித்திருப்பார்கள். எத்தனையோ மாணவர்களின் ஷூ பட்டு அது மழமழவென்று ஆகிவிட்டிருந்தது. மழை நாளில் கதவைப் பிடித்துக்கொள்ளாமல் யாரும் இறங்குவதில்லை.

அந்த விமானத்தை விற்றுவிடுவது என்று பள்ளியில் முடிவு செய்தார்கள். வடக்கே ஏதோ ஓர் ஊர்ப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் சரி, இந்தப் பட்டையை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். வேலை என்னிடம் வந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அண்ணன் பறப்பதை நிறுத்தியிருந்தான். முதுகுவலி, கொஞ்ச நாளைக்கு வகுப்பு மட்டும் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் யாருக்குத்தான் முதுகு வலிக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

பட்டையை எடுக்கிற அன்று காலை அவனே கூடமாட வேலை செய்ய வந்து நின்றான். இரண்டு வாரம் அடித்த மழை விட்டு, வானம் துடைத்ததுபோல் இருந்தது. நந்தி மலை வரைக்கும் தெரிந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாமா? யாராவது ஓட்டட்டும், நான் சும்மா கூட உக்காந்துக்கறேன்” என்றான்.

நான் அதற்குள் ஓரங்களில் டேப் ஒட்ட ஆரம்பித்திருந்தேன். “புதுசா போட்டு முடிச்சுட்டு ஜம்முனு ஏறிப் போலாம்ணா” என்றேன். சரி என்றான். இரண்டாவது முறை கேட்கவில்லை.

பழைய பெயிண்டை எடுப்பது பொறுமையான வேலை. அலுமினியத் தகட்டில் கீறல் விழக்கூடாது என்பதால் இரும்புத் தகடு வைத்துச் சுரண்ட முடியாது. மருந்து தடவி ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். சின்ன வயதில் கடப்பாக் கல்லில் அப்பிய சுண்ணாம்பைச் சுரண்டி அம்மாவிடம் அடி வாங்கியதை எல்லாம் பேசிக்கொண்டே எடுத்தோம். துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை நான் உருட்டினேன். ஈரம் காய்வதற்குள் அதன்மேல் மணலைத் தூவ வேண்டும். அதை அண்ணன் செய்தான். பிரிஞ்சி சோற்றுக்கு மல்லித்தழை தூவுகிற மாதிரி அழகாகத் தூவிக்கொண்டு போனான். கடைசியில் முடிந்தது என்று டப்பாவைக் கீழே வைத்தான்.

நான் சுற்றி வந்து பார்த்தேன். அவனுக்கு இடது பக்கமாக, ஓரத்தில் ஒரு நீளத் துண்டு மணலே விழாமல் பளபளவென்று இருந்தது.

“இங்க வுட்டுட்டியேண்ணா.”

“எங்க?”

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தையே முழுசாக இடது பக்கம் திருப்பி, குனிந்து தேடினான். அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது.

“அந்தப் பக்கம் ஓரம் தெரியலமா. கொஞ்ச நாளாவே அப்படித்தான்” என்றான்.

ஈரம் போய்விடும் என்று முதலில் அந்த இடத்தை நான் தூவி முடித்தேன். பிறகு விமானங்களை நிறுத்தும் ஹேங்கரின் வாசலில் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு மாணவனோடு தரை இறங்க வரும்போது இடது பக்கம் இன்னொரு விமானம் வந்திருக்கிறது. மாணவன் கத்திய பிறகுதான் இவன் பார்த்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே பறப்பதை நிறுத்திவிட்டான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு மட்டும் தெரியும்.

“அப்ப காலைல நீ கேட்டது...”

“ஆமா. தெரியறப்பவே ஒரு தடவ மேலருந்து பாத்துக்கலாம்னு.”

நான் எழுந்துவிட்டேன். இப்போதே தின்னர் போட்டுத் துடைத்துவிடுகிறேன், பறந்து வந்த பிறகு திரும்பப் போடலாம் என்றேன். அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். “ஊரார் வூட்டுக்குப் போற பொருளு. செஞ்ச வேலைய கெடுக்காத” என்றான்.

அந்தப் பெயிண்ட் இறுகுகிற வரைக்கும் அதன்மேல் கால் படக்கூடாது. வேறு கதவும் கிடையாது. அந்த நாட்கள் முழுக்க வானம் கண்ணாடிபோல் இருந்தது. தினமும் காலையில் நான் போய் விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஒருவழியாக இறுகியபோது மேகம் இறங்கிவிட்டது. ஒரு விமானமும் கிளம்பவில்லை. மழை விட்ட முதல் முற்பகலில், இரண்டு நாளாகக் காத்திருந்த, வாங்கியவர்களின் விமானி கிளம்பத் தயாரானார். ஒரே ஒரு சுற்று அண்ணனை அழைத்துப்போக முடியுமா என்று கேட்டேன். போகிற வழியில் மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும் என்று மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. அவர் இறக்கையில் ஏறி, எதையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போனார். விமானம் கிளம்பியதும் அண்ணன் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்தான். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த அந்தப் பட்டையில் அவன் கால் வைக்கவே இல்லை.

வேறு விமானத்தில் போகலாம் என்று பல தடவை கூப்பிட்டேன். பார்க்கலாம் என்பான். போன வருஷம் ஒரு நாள் வந்தான். ஓர் ஏரிக்கு மேலே போகும்போது பின்சீட்டிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும், எப்படிண்ணா இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருந்தது, கொஞ்சம் சீக்கிரமாகவே வந்திருக்கலாம் என்றான். அவன் யாரையும் குத்திப் பேசுகிறவன் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கேட்ட அந்தக் காலையில் ஒரு சுற்று போய்வருவதற்குள் பெயிண்ட் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இப்போதும் அவன் வகுப்பு எடுக்கிறான். போர்டின் நடுவில் மட்டும் எழுதுகிறான்.