அத்தையின் கட்டைவிரல்

பெயிண்டர் அந்தக் கிண்ணத்தைக் கழற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு வலது பக்கம், தோள் உயரத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் அது. உள்ளங்கையளவுதான் இருக்கும். மேலே ஒரு சம்மனசு, தேவதூதன் பொம்மை. அதன் ஒரு இறக்கை நுனி உடைந்திருக்கும். கோவிலிலிருந்து கொண்டுவரும் தீர்த்தத்தை அதில் ஊற்றி வைப்பார்கள். வீட்டுக்குள் வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். "உடைஞ்சு கெடக்குதேக்கா, புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாமில்லீங்க?" என்று பெயிண்டர் கேட்டான். புதுசு மாட்டினால் பழசு யார் வீட்டுக்குப் போகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, பழைய துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும். நான் அப்படித்தான்.

என்னைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்ந்த இடம் அப்படி. குமாரபாளையத்தில் எங்கள் அப்பாவுக்கு விசைத்தறிப் பட்டறை இருந்தது. நூல் மூட்டை வந்து இறங்கினால் எடை போடுவதற்கு முன்பே அப்பா ஒரு கண்டு நூலை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரம் ஏற்றினால் எடை கூடுமல்லவா? உள்ளங்கை ஏமாந்துபோகும், கன்னம் ஏமாறாது என்பார். நூல்காரர், சாயப்பட்டறைக்காரர், பாவு ஓட்டுகிறவர், பங்காளி, யாரையும் எங்கள் வீட்டில் முழுதாக நம்பியதில்லை. நம்பாததால் கெட்டும் போகவில்லை. அந்த வீட்டிலிருந்துதான் நான் சேலத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். கணவர் மேட்டூரில் என்ஜினீயர், நான் துணி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை. பார்த்தோம், பிடித்தது, இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு பிறகு ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். நான் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அதற்கென்று முறைப்படி அனுமதி வாங்கி, கோவிலில் பீடத்தின் முன்னால் தாலி கட்டினார்.

வீட்டில் மாமனார் இல்லை, அத்தை மட்டும்தான். ஒரு கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அளந்து பேசும் வாய். வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்துவிட்டேன். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பல நாள் அத்தை நிலைப்பக்கம் போவார். தீர்த்தத்தில் கட்டைவிரலை நனைத்து, தன் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்துகொள்வார். பூசையில் நற்செய்தி வாசிக்கும் முன் எல்லோரும் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் போடுகிறார்களே, அதில் நெற்றியில் போடுவது மட்டும். பிறகு என்னிடம், "வந்துட்டியாம்மா, காப்பி வேணுமா?" என்பார். மகன் வரும்போது போடமாட்டார். கீரைக்காரம்மா வந்தாலும் போடமாட்டார். என்னைக் கண்டால்தான் விரல் நெற்றிக்குப் போகும்.

திட்டினால் திருப்பித் திட்டலாம். ஜாடை பேசினால் நானும் ஜாடை பேசுவேன், அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் நெற்றியைத் தொட்டுக்கொள்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா பதறிப்போனாள். "ஏஞ்சாமி, பேய் பிசாசக் கண்டாத்தானே அவிய சிலுவ போட்டுக்குவாங்க? உன்னப் பாத்தா எதுக்குப் போட்டுக்குது அந்தம்மா? அந்தத் தண்ணி வேற மந்திரிச்சதுங்கறாங்க. சூதானமா இரு கண்ணு." அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. வேறு சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவள், பொட்டு வைப்பவள், அதனால் என்னைப் பிசாசு என்று நினைத்து விரட்டுகிறார் என்றே முடிவு கட்டினேன். கணவரிடம் கேட்டால், "அம்மா ஏதோ ஜெபம் பண்ணுது, அதைப் போய் பெருசு பண்ணிட்டு" என்று நகர்ந்துவிடுவார். ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு வசதி.

நான் சும்மா விடுவேனா? நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் அத்தையையும் சோதித்துப் பார்த்தேன். நேரத்தோடு வந்து சமையலில் கூடமாட நின்றால் விரல் அசையாது. அலுவலகத்தில் வேலை இழுத்துக்கொண்டு, கூட வேலை பார்ப்பவர் வண்டியில் வந்து இறங்கினால் விரல் நெற்றிக்குப் போகும். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தால் போகும். எங்கள் அப்பா வந்து மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டுப் போனால் உறுதியாகப் போகும். அப்படியானால் அவர் விரட்டுவது என் பொட்டை அல்ல, என் நடத்தையை என்று எனக்குப் புரிந்தது. அது முன்னதைவிட வலித்தது. தனியாக ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று கணவரை நச்சரித்து, மேட்டூர் பக்கம் ஒரு வீடும் பார்த்துவிட்டேன். அவர் ஒரே பிள்ளை. நாங்கள் போய்விட்டால் அத்தை அந்த வீட்டில் தனியாகத்தான் கிடக்க வேண்டும். அது தெரிந்துதான் பார்த்தேன்.

போவதற்கு முன் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் பிடித்தேன். அத்தை கறிக்கு இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார். "என்னைப் பாத்தா மட்டும் ஏன் சிலுவை போட்டுக்கறீங்க? நான் என்ன பேயா?" என்றேன். வேறு மாமியாராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? உனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்று மழுப்பியிருப்பார், நானும் நம்பியிருக்க மாட்டேன். அத்தை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "ஆமா, உன்னப் பாத்தாத்தான் போட்டுக்கறேன்" என்றார். "நீ பேய் இல்லம்மா. என் நெனப்புதான் பேய். நீ லேட்டா வந்தா ஒண்ணு தோணும். மாடிக்குப் போய்ப் பேசுனா ஒண்ணு தோணும். உங்கப்பா வந்துட்டுப் போனா, எம்புள்ளையப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு தோணும். தோணுறத நான் என்ன பண்ண? நெனப்புன்னா வரத்தான் செய்யும். வந்தத வாசல்லயே பேசி அனுப்பிடணும். உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சுக் காப்பி குடுத்தோம்னா, அப்புறம் அது நம்ம ஊட்டுல சட்டம் பேச ஆரம்பிச்சுரும். வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். காயத்தவிட அத நோண்டி நோண்டிப் பெருசாக்குனவங்கதான் ஜாஸ்தி."

கேட்டதும் நான் உருகிவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உருகவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆக, நான் சந்தேகப்பட்டது சரி! இந்த அம்மாள் என்னைப் பற்றிக் கண்டதையும் நினைத்திருக்கிறார்! எத்தனை தரம் விரல் நெற்றிக்குப் போனதோ அத்தனை தரம் நினைத்திருக்கிறார். ஆனால் அன்று இரவு படுத்து யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நினைத்ததில் ஒன்றுகூட என் காதுக்கு வரவில்லை. என் கணவர் காதுக்கும் வரவில்லை. கோவிலில் கூட உட்காரும் பெண்களிடம் ஒரு வார்த்தை விட்டிருந்தால் எனக்கு வந்து சேராமலா இருக்கும்? எல்லாம் அந்த நிலையோடு நின்றுவிட்டது. மேலும், மகனைப் பிரித்துவிடுவேன் என்று அவர் பயந்ததும் பொய்யில்லையே, வீடு பார்த்தவள்தானே நான்? வாயில் சர்க்கரையும் வயிற்றில் வேறொன்றும் வைத்திருப்பவர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் இருப்பதை எடுத்து மேஜைமேல் வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். மேட்டூர் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக அத்தையை முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கண் எப்போதும் அந்த விரல் மேல்தான் இருந்தது.

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்து வளர்ந்து காலேஜுக்குப் போன சமயத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. நினைவும் பிசகிவிட்டது. என்னைச் சில நேரம் தெரியும், சில நேரம் ஆஸ்பத்திரி ஆயா என்று நினைப்பார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். வெளியே சொல்லாத ஒரு குறுகுறுப்பு எனக்குள் இருந்தது. காவல் காத்த புத்தி படுத்துவிட்டது, சிலுவை போட்ட கையும் படுத்துவிட்டது. இத்தனை காலம் வாசலோடு திருப்பி அனுப்பியதெல்லாம் இனிக் கும்பலாக உள்ளே வரும், வாய்வழியாக வெளியேயும் வரும், என்னைப் பற்றி உண்மையில் என்னதான் நினைத்தார் என்று கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

வந்தது. கோவிலிலிருந்து நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க வரும் சிஸ்டரும் பக்கத்து வீட்டம்மாவும் கட்டிலருகே நின்றிருந்தபோது, அத்தை என்னைக் காட்டி, குழறும் நாக்கிலும் தெளிவாகவே சொன்னார்: "இவ கஞ்சியில என்னமோ கலக்கறா." பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் கலக்கத்தான் செய்தேன். அத்தைக்கு மாத்திரையை விழுங்க முடியவில்லை, பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள் என்று டாக்டர்தான் சொன்னார். அத்தையின் நாக்கு கசப்பைக் கண்டுபிடித்துவிட்டது. நர்ஸ் அல்லவா! அன்றிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டார். மாத்திரையைக் காட்டினேன், மருந்துச் சீட்டைக் காட்டினேன், மகனை விட்டுச் சொல்லவைத்தேன், நடக்கவில்லை. மருந்து நின்றால் மறுபடி ஒரு தாக்குதல் வரும், அதைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்தார். போய்ச் சேர்ந்துவிட்டால், மருமகள் விஷம் வைத்துவிட்டாள் என்று ஊர் சொல்லும் என்கிற பயமும் எனக்கு இருந்தது. பாசத்தை மட்டும் எழுதி இந்தப் பயத்தை மறைப்பது நியாயமில்லை.

மறுநாள் மதியம் மறுபடி கஞ்சியோடு உட்கார்ந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்தார். அந்தக் கண்ணில் துளி நம்பிக்கை இல்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் இடது கை சடாரென்று எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. தட்டிவிடப் போகிறார் என்று கிண்ணத்தை நகர்த்தினேன். தட்டிவிடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, கட்டைவிரலைத் தேடிப் பிடித்து, தன் நெற்றிக்கு இழுத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. இடது கையால் இழுத்ததால் சிலுவை கோணலாகத்தான் விழுந்தது. கண்ணை மூடித் திறந்தார். பார்வையில் சந்தேகம் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் வாயைத் திறந்தார். என்மேல் இருக்கும் சந்தேகத்தை விரட்ட என் விரலையே கடன் கேட்கிறாரே இந்த மனுஷி! விஷம் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, அந்த நினைப்பை வாசலில் நிறுத்திவிட்டு, நான் கொடுத்ததைக் குடித்தார். அன்று நான் அழுதேன். அழுதுகொண்டேதான் கடைசிக் கரண்டி வரை ஊட்டினேன்.

அதன்பின் அத்தை போகும்வரை ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் நடந்தது. முதலில் என் விரல், பிறகு கஞ்சி. சில நாள் நானே தீர்த்தத்தில் நனைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். ஞானஸ்நானம் வாங்காத விரல் என்று அத்தையும் சொல்லவில்லை, சிஸ்டரும் சொல்லவில்லை. புத்தி கலங்கிய பிறகும் அந்த ஒரு வேலையை மட்டும் அத்தை மறக்காமல் இருந்தது எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன். எனக்கு விடை கிடைக்கவில்லை.

கிண்ணத்தைக் கழற்றிய அன்று சாயங்காலம் முன்சுவருக்குச் சந்தன நிறம் அடித்துவிட்டுப் பெயிண்டர் போய்விட்டான். நான் வாசலில் நின்றேன். வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் என் மகள், எனக்குத் தெரியாத ஒரு பையனின் வண்டியில் வந்து இறங்கினாள். இறங்கியவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எனக்குள் மளமளவென்று வரிசை கட்டி வந்துவிட்டது: யார் இவன், எந்த ஊர், எத்தனை நாளாக, நம்மிடம் ஏன் சொல்லவில்லை? கை தானாக வலது பக்கம் போனது. அங்கே கிண்ணம் இல்லை. ஈரமாக ஏதோ பட்டது. பட்டதை அப்படியே நெற்றியில் வரைந்துகொண்டேன்.

மகள் படியேறி வந்து என் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "அம்மா, நெத்தியெல்லாம் பெயிண்ட்டு!"

"இருக்கட்டும் சாமி. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன்.

யாருடைய வண்டி என்று, அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டேன்.