எழுத்து ஓடாத இடம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு இத்தாலிக்காரர் வீட்டு பேஸ்மென்ற்றில் மகளோடு இருந்தேன். வீட்டுக்காரியின் தகப்பன் இத்தாலியில் பழைய சினிமா நடிகர். பாதிரியார், பொலிஸ், கதாநாயகியின் தகப்பன் என்று ஆயுள் முழுக்க நடித்தவராம். நடிகர் என்றால் ஒரு எடுப்பு இருக்கும் அல்லவா? இவர் கிழிந்த ஸ்வெற்றரோடு தக்காளிக்குத் தடி நட்டுக்கொண்டு திரிவார். நல்ல தக்காளி. அது கிடக்கட்டும்.

அவருடைய பிறந்தநாளுக்கு எங்களையும் மேலே கூப்பிட்டு, அவர் படத்தை வீடியோவில் போட்டார்கள். பேச்சு இத்தாலி, கீழே இங்கிலிஸ் எழுத்து ஓடியது. நான் எந்த எழுத்தும் படித்தவள் இல்லை. அதனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் அவர் மீன்பிடிகாரர். மகன் கடலோடு போய்விட்டான். தனியே வீட்டுக்கு வந்து மேசையில் இரண்டு தட்டு வைக்கிறார். பேச்சில்லை, எழுத்தும் ஓடவில்லை. உடனே, கனடாவில் பிறந்து இங்கிலிஸ் எழுத்தை நம்பியே படம் பார்த்த வீட்டுக்காரியின் புருஷன் றிமோட்டை அமத்தி முன்னுக்கு ஓட்டினார். மனுஷன் தட்டும் கையுமாகக் கோமாளி போல ஓட, எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார், வாயால் மட்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவீட்டுக்குப் போய் 'கெதியாய் அழுது முடியுங்கோ' என்று யாராவது சொல்வார்களா?

"பின்னுக்கு விடச் சொல்லு," என்றேன் மகளிடம்.

"பேசாமல் இருங்கோ அம்மா. வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினம்."

"எழுப்பட்டும். பிள்ளையைப் பறிகுடுத்த மனுசனை உப்பிடியே ஓட விடுறது? சொல்லுறியோ, நான் போய் றிமோட்டைப் பறிக்கட்டோ?"

மகள் மென்று விழுங்கிச் சொன்னாள். வீட்டுக்காரியின் புருஷன் ஏதோ முணுமுணுத்தார்.

"அதிலை ஒண்டும் நடக்கேல்லையாம், அம்மா."

"அவருக்கு வாசிக்க ஒண்டும் இல்லை, அவ்வளவுதான் எண்டு சொல்லு."

வீட்டுக்காரி றிமோட்டை வாங்கிப் பின்னுக்கு விட்டாள். மீன்பிடிகாரர் ஒரு தட்டில் பாணைப் பிய்த்துத் தின்றார். பிறகு மற்றத் தட்டை எடுத்துக் கழுவினார். யாரும் சாப்பிடாத, சுத்தமான தட்டை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

கிழவர் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டு ஏதோ சொன்னார். வீட்டுக்காரி இங்கிலிஸில் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள்: "அந்த இடத்துக்கு நிறையப் பேச்சு எழுதிக் குடுத்தவையாம். வேண்டாம் எண்டு இவர்தான் சண்டை பிடிச்சவராம்."

"நல்லாய்ப் பிடிச்சார் எண்டு சொல்லு."

எங்களை வீட்டை விட்டு எழுப்பவில்லை, விடிய வாசலில் ஒரு கூடை தக்காளி இருந்தது. இன்றைக்கும் வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழும்பிப் போவதில்லை. பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்க்கிறேன்.