முட்டை போடாத பன்

நான் கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை பார்த்த வருடங்களில், மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான பிளசன்டனில் யாராவது ஒரு தமிழர் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவோம். ஒரு வீடு புளியோதரை, ஒரு வீடு கூட்டு என்று செய்துகொண்டு போக வேண்டும். வீடு என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. நான் முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாத தனி ஆள். எனக்கு விழுந்தது பன்.

"உனக்கெதுக்கு கண்ணு சிரமம்? பாவ் பாஜிக்கு பன் மட்டும் ஸ்டோர்ல பிக்கப் பண்ணிட்டு வந்துரு" என்று போன் செய்வார் ஈரோட்டு அக்கா. யார் என்ன கொண்டுவருவது என்று முடிவு செய்பவர் அவர்தான். எனக்குச் சமைக்க வருமா என்று யாரும் கேட்டதில்லை. பன் என்பது பேச்சிலர் பையன்களுக்குக் கொடுக்கும் வேலை.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரி இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சுட்ட உருண்டை ரொட்டி கொண்டுவருவாள். அவள் ஊரில் அதற்குப் பெயர் பார்ம். எதிர்வரிசையில் இருந்த இன்னொரு இங்கிலாந்து ஆள், நாட்டிங்காம்காரன், அதைக் காப் என்பான். வாராவாரம் சண்டை.

"ஒரு காப் குடு."

"அப்படி ஒண்ணும் இங்க இல்ல. பார்ம்னு கேளு, தர்றேன்."

"பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்." என் பக்கம் திரும்புவான். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

"பன்."

"நீளமா இருந்தா?"

"பன்."

"உள்ள திராட்சை வச்சா?"

"அதுவும் பன்தான். காய்ச்சல் வந்தா டீயில நனைச்சுத் தின்போம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரம் என்னோடு சிரித்துப் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஒரு மாதம் எனக்கு வெறுத்துப்போனது. கொண்டுபோவது பன்தான் என்றால் என் அடுப்பில் வெந்த பன்னாக இருக்கட்டும் என்று மான்செஸ்டர்காரியை உதவிக்குக் கூப்பிட்டேன். "முட்டை மட்டும் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டிலேயே மாவு பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் உருட்டிச் சுட்டோம். என் அபார்ட்மென்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பிளசன்டனில் தட்டைத் திறந்ததும் வாசனைக்கே கூட்டம் கூடியது.

"அட, நீயே பண்ணினதா? முட்டை இருக்கா கண்ணு?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

அவர் முகத்தில் எனக்கு ஒரு மரியாதை தெரிந்தது. அதற்குள் இன்னொரு அம்மா, "ஷார்ட்னிங் என்ன போட்டே? வெண்ணெயா, எண்ணெயா?" என்றார். தெரியாது. அங்கிருந்தே மான்செஸ்டர்காரிக்குப் போன் செய்தேன்.

"பன்றிக் கொழுப்புதான். அது இல்லாம பார்ம் எப்படி வரும்? நீ முட்டைதானே வேண்டாம்னு சொன்னே?"

அதை அப்படியே எல்லோரிடமும் சொன்னேன். எனக்குப் பொய் வராது. சைவக்காரர்கள் ஒதுங்கியதில் தப்பில்லை. ஆனால் மத்தியானம் ஆபீஸில் பன்றிக்கறி போட்ட பெப்பரோனி பீட்சா தின்கிற ஆம்பளைகளும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்காவின் கணவர் கடைப் பன் வாங்கக் கார் சாவியை எடுத்தார். என் தட்டை யாரோ அலுமினியத் தாளால் மூடி, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸில் மான்செஸ்டர்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். எதைச் சொல்வது? எங்கள் வீடுகளில் முட்டை இருக்கா என்றுதான் கேட்போம். ரொட்டிக்குள் பன்றி இருக்கும் என்று யார் கண்டது? அடுத்த வெள்ளிக்கிழமையும் பார்ம் கொண்டுவந்தாள். காப், பார்ம் என்று சண்டையும் நடந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாதம் முடிந்து அக்கா போன் செய்தார். "இந்த வாட்டி நீ பேப்பர் ப்ளேட் மட்டும் கொண்டா கண்ணு, போதும்."

போகாமல் இருந்திருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் வேறு எங்கே போவது? பெரிய கட்டாகவே வாங்கிக்கொண்டு போனேன்.