ஜீப்புச் சாவியை அவரே என் கையில் கொடுத்தார்

சபையாருக்கு ஸ்தோத்திரம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தேயிலை எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் குன்னூர் ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவார். எங்கள் மகள் கிரேஸும் அதில்தான் போவாள். அந்த ஜீப் கிளம்பினாலே எனக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

அவருக்கு பைபோலார் என்ற மனநோய். முதலில் தூக்கமே இல்லாமல் திரிந்தார். விடிய விடியப் பாடுவார், வழியில் போகிறவர்களையெல்லாம் விருந்துக்குக் கூப்பிடுவார், கையில் ஒன்றுமில்லாமல் எஸ்டேட்டை விலை பேசுவார். பிறகு ஒரேயடியாகச் சுருண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஊட்டி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். நீங்களும் அவருக்காக முழங்காலில் நின்றீர்கள். அவர் எழுந்தார். இதே சபையில் சாட்சி சொன்னோம், பிரியாணி போட்டோம். எஸ்டேட்டில் ஜீப்பையும் திரும்பக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கதை அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

சிரிப்பு திரும்ப வந்திருந்தது, வேகம் வரவில்லை. சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். "இன்னொரு தோசை வேணுங்களா?" என்று கேட்டால், நான் அடுப்பை அணைத்த பிறகு "ம்" என்பார். இங்கே பாட்டு நேரத்தில் எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு அவர் கைத்தட்டல் தனியாக விழும். உங்களுக்கு அது பரவசமாகத் தெரிந்திருக்கும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மலை ரோட்டு வளைவுகள்தான் கண்ணில் வந்து நிற்கும்.

அவர் மந்தமாகிவிட்டார், ஜீப் ஓட்டக்கூடாது என்று கொழுந்தனிடம் சொன்னேன். "அண்ணி, நல்லா ஆன மனுசன மறுபடியும் நோயாளி ஆக்காதீங்க" என்றார். பாஸ்டரம்மா, "விசுவாசம் குறையுது எஸ்தர்" என்றார்கள். அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு அடங்காத ஆத்திரம். கடைசியில் ஜீப்பை விட்டுவிடுங்கள் என்று அவரிடமே கேட்டேன். "நீயும் என்னயப் பைத்தியம்னுதான் நெனைக்கிறயா?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மேனேஜரிடம் போனால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். போகாவிட்டால்? பிள்ளைகள்!

கிரேஸுக்கு ஜலதோஷம் என்று பொய் சொல்லி நிறுத்திப் பார்த்தேன். அவள் நின்றாள்; மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவர்களையும் ஒரு தாய்தானே பெற்றாள்? கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைத் தரையில் விழுந்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் சொன்னா யாரும் கேக்கறதில்லீங்க. அவரு வாயாலயே சொல்ல வைங்க. அதுக்கு முன்னால ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுங்க." இதையேதான் தினமும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஜீப் போகும். அது திரும்பும் சத்தம் கேட்கிறவரை கொழுந்து பறித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. மகளை நிறுத்த வழியில்லை. நான் லீவு சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன செய்ய? எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை.

வெளியே பனிமூட்டம். இறக்கத்தில் திரும்பினால் நடுரோட்டில் ஒரு காட்டுமாடு. நான் கத்தினேன். அவரும் பார்த்தார்; பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் வண்டி போய்க்கொண்டே இருந்தது. மாடுதான் விலகித் தேயிலைக்குள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் பிரேக் விழுந்தது. வண்டி மண்திட்டில் முட்டி நின்றது. இன்னொரு பக்கம் பள்ளம். ஒரு பிள்ளைக்கும் சின்னக் கீறல்கூட இல்லை.

அவர் வண்டியை அணைத்தார், ஹேண்ட்பிரேக் போட்டார். சாவியை உருவி என் கையில் வைத்தார்.

"பாத்துட்டேன் எஸ்தரு. மாட்டப் பாத்துட்டேன். கால்தான் வரமாட்டேங்குது. இனி நான் ஓட்டலே."

சொல்லிவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே அழுதார். மிச்சத் தூரத்தை எல்லாரும் நடந்தோம். அவர் கடைசியாக வந்தார்.

மறுபடியும் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வேகத்தைச் சோதிக்க டாக்டரம்மா அவரை எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொன்னார்கள், விரலால் மேசையைத் தட்டச் சொன்னார்கள். "மனசு சரியான பிறகும் சிலருக்கு யோசனையும் கைகால் ஓட்டமும் மந்தமாவே இருக்கும். சோம்பேறித்தனம் இல்லை. மருந்தாலயும் கொஞ்சம் இருக்கலாம், பாத்து மாத்தித் தர்றேன். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்கள். விசுவாசக் குறைவு என்று அவர்கள் சொல்லவில்லை!

இப்போது அவர் எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புகிறார். லயத்து வீடு தங்கிவிட்டது. வேகம் இன்னும் வரவில்லை. முழுச் சுகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கிடைக்கவில்லை. சில நாள் கேட்கவும் தெம்பில்லை. "டிரைவர் வேலையே போச்சு, இதுல ஆண்டவரு என்ன ஜெபத்தக் கேட்டாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். சாயங்காலம் உன் பிள்ளை வீட்டுக்கு வருகிறதே, அதுதான் என்றேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி மெதுவாகிப் போனால் திட்டாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதை மனுஷர் ஒருவரும் கேட்காவிட்டால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். தரையில் விழுந்து கிடந்தவள் சொன்னதைக் கேட்டவர் நீங்கள் சொல்வதையும் கேட்பார்.

ஜீப்பை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். காலையில் நாற்றுப் பண்ணையைத் தாண்டும்போது பிள்ளைகள் இவருக்குக் கை காட்டுவார்கள். இவர் கை எழும்புவதற்குள் ஜீப் தூரம் போய்விடும். அது பிள்ளைகளுக்குத் தெரியும். பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இவர் கை மேலே வருகிறவரை தங்கள் கையை இறக்குவதே இல்லை.